இடது காது

லாபிஸ் கடைத்தெருவில்
ஆ லோக்கின் டயர் கடைக்கு மேல்மாடி.
படி ஏறும்போது ரப்பர் வாசம்,
ஏறி முடித்தால் அல்லேலூயா.

கிள்ளானிலிருந்து வந்த பாஸ்டர் தேவசித்தம்
மூன்றாம் நாள் கூட்டத்தில்
என் இடது காதுக்குள் விரலை விட்டு
"திற!" என்றார்.
ஜெனரேட்டர் நின்றதுபோல் சபை அடங்கியது.
விரலில் கோடாலித் தைல வாசனை.

"கேக்குதா பிரதர்?"

அவர் கேட்டது எனக்குக் கேட்டது,
வலது காதில்.
அது எப்போதும் கேட்கிற காது.
இருபத்திரண்டு வருஷம்
செம்பனை ஆலையில் பாய்லர் பக்கம் நின்றவனுக்குச்
செத்தது இடது மட்டும்தான்.

சொல்லியிருக்கலாம்.
முன்வரிசையில் அமலோற்பவம்
துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள்.
எனக்குப் பின்னால், முறைக்குக் காத்து,
சர்க்கரையில் கால் போன ரெங்கன் மண்டோர்,
மொழி புரியாமலே கை உயர்த்திய நேப்பாளப் பையன்,
பிள்ளையைத் தோளில் போட்டபடி யாரோ ஒருத்தி.
எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள்.

"கேக்குது" என்றேன்.

கைதட்டிய தட்டலில் ஆ லோக்
ஜாக்கி நழுவியதென்று தெருவுக்கு ஓடினானாம்.

சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள்.
சாஆ, யோங் பெங், தங்காக்.
ஒவ்வொரு ஊர் மேடையிலும்
கொஞ்சம் கூடுதலாகக் கேட்டது எனக்கு.
தங்காக்கில்
மழைக்கு முந்திய எறும்பின் நடை வரை போய்விட்டேன்.

இதற்கு நடுவில் சொக்சோ கடிதம்.
சிகாமாட் ஆஸ்பத்திரியில்
கண்ணாடிப் பெட்டிக்குள் உட்காரவைத்து
சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்து என்றார்கள்.
வலதுக்கு அழுத்தினேன்.
இடதுக்கு,
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மலாய் மிஸ்ஸியின்
முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.
கட்டம் போட்ட தாளில் ஒரு கோடு
படியில் தவறியவன் போல் இறங்கியது.
இரண்டாக மடித்து
அரிசி வாளிக்கு அடியில் வைத்தேன்.

ஜொகூர் பாரு பாலத்தில்
விடிகாலை மோட்டார் சைக்கிள் நெரிசலில்
எங்கள் எட்வின் விழுந்த நாளிலிருந்து
அமலோற்பவத்தின் பேச்சு
உப்பு, கேஸ், கரண்டு பில்.
நான்கு வருஷம்.

கூட்டம் முடிந்த அன்றிரவு
கட்டிலில் இடம் மாற்றிப் படுத்தாள்,
என் இடது பக்கம்.
காதோடு வாய் வைத்துப்
பேச ஆரம்பித்தாள்.

எனக்குக் கிடைத்ததெல்லாம் மூச்சு. சூடு.
சில எழுத்துக்கு மட்டும்
காதுமடலில் ஒரு பொட்டுக் காற்று.
மூச்சு நின்று திரும்பும் இடங்களில்
குத்துமதிப்பாக "ம்" என்றேன்.
வலது காது தலையணைக்குள் புதைந்திருந்தது.
தலையைச் சற்றுத் தூக்கினால் விழுந்துவிடும்.
தூக்கவில்லை.
பக்கத்து வீட்டுக் கடிதத்தை
விளக்கு வெளிச்சத்தில் பிடிப்பது போலாகிவிடும்.

அப்புறம் எல்லா இரவும்.
ஒரு காலையில் சட்னி அரைத்தாள்.
மிக்சிக்குக் கூடத் தொண்டை கட்டியிருந்தது
முதலில்.

போன ஞாயிறு
சபைக்குக் கிளம்பும் அவசரத்தில்
அவள் பைபிள் கை தவறி விழுந்தது.
யோபுவுக்கும் சங்கீதத்துக்கும் நடுவிலிருந்து
கட்டம் போட்ட தாள்,
நான்காக மடித்தது.
ஓரத்தில் பென்சிலில் அவள் எழுதிய தேதி:
மார்ச் பதினொன்று.
இப்போது ஆகஸ்ட்.

குனிந்து எடுத்து
அதே பக்கத்தில் வைத்தாள்.
என்னைச் சுற்றிக்கொண்டு
வலது பக்கமாக வந்து,
"நேரமாச்சு" என்றாள்.

அன்று ராத்திரியும்
இடது பக்கம்தான்.
மூச்சு. சூடு.
ஓரிடத்தில் நின்றது.
நான் "ம்" சொல்லவில்லை.
காத்திருந்தாள்.
பிறகு முழங்கையால்
விலாவில் ஒரு இடி.

"ம்" என்றேன்.

தொடர்ந்தாள்.